ஒரே பள்ளத்தில்

திரையில் முதலில் சிவந்தது ஹைதராபாத். வத்சலா அப்போது மோர் சாதத்தின் கடைசிக் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். இந்த அறைக்குள் சாப்பிடக் கூடாது என்று கதவில் தாள் ஒட்டியவளே அவள்தான். ஆனால் தில்லியின் மே மாத வெயிலில் கான்டீன் வரை நடந்து போய்வர முழங்கால் இடம் கொடுப்பதில்லை. கருவிகளுக்காக ஓடும் ஏசிக் குளிரில் தோளில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, டப்பாவை மடியில் வைத்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சாப்பிடப் பழகியிருந்தாள். ஹைதராபாத்துக்குப் பிறகு பெங்களூர், திருவனந்தபுரம், சென்னை. விந்தியத்துக்குத் தெற்கே இருந்த பச்சைப் புள்ளிகள் எல்லாம், பொட்டு வைத்துக்கொண்டே போவதுபோல், ஒவ்வொன்றாகச் சிவந்தன.

அவள் பதறவில்லை. டப்பாவை மூடி, கையைத் துடைத்துக்கொண்டாள். இப்படிச் சிவப்பதும் சற்று நேரத்தில் தானாகப் பச்சையாவதும் அவளுக்குப் புதிதல்ல. அந்த வருஷம் தில்லியில் தோண்டாத தெரு இல்லை. ஷாஹ்தராவில் மெட்ரோ ஓட ஆரம்பித்திருந்தது, மற்ற இடங்களில் அதற்குப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத் தண்ணீர்க் குழாய்க்காரர்களும் மின்சாரக்காரர்களும் டெலிபோன்காரர்களும் தங்கள் பங்குக்குத் தோண்டினார்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது எங்கோ ஒரு கேபிள் அறுபடும். அறுந்தது தெரியாமலே, தில்லியோடு கணினி வழியாக இணைந்த மாநில அலுவலகங்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அதுதான் அவளுடைய வேலை. அறுந்தது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது.

வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள் இதை எப்போதும் ஒரே மாதிரிதான் விளக்குவாள். தகவலுக்கு வழி பார்த்து அனுப்பும் கருவிதான் ரூட்டர், அதற்கு ஊர் தெரியாது. இந்தியாவின் வரைபடத்தை அது பார்த்ததில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் அதன் அக்கம்பக்கம் மட்டும்தான். சென்னைக்கு என் வழியாகப் போகலாம், நடுவில் இரண்டு வலையமைப்புகளைத் தாண்டினால் போதும் என்று ஓர் அயலான் சொல்வான். என் வழியாகவும் போகலாம், ஆனால் மூன்றைத் தாண்ட வேண்டும் என்று இன்னொருவன் சொல்வான். ரூட்டர் இருவர் பேச்சையும் கேட்டுக்கொள்ளும். இன்ன வழியைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று நாம் எழுதிவைத்திருக்கிறோமா என்று பார்க்கும். அப்படி எதுவும் இல்லையென்றால் குறைவாகத் தாண்டச் சொல்கிறவனை எடுத்துக்கொள்ளும். மற்றவன் சொன்னதையும் மறந்துவிடாது. எடுத்துக்கொள்ளப்பட்டவன் ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் குரல் கொஞ்ச நேரம் கேட்காவிட்டால் அவன் போய்விட்டான் என்று வைத்துக்கொண்டு, அவன் சொன்ன வழிகளையெல்லாம் அழித்துவிட்டு, அடுத்தவன் வழியில் அனுப்ப ஆரம்பித்துவிடும். யாரையும் கேட்காது. யாரும் எழுந்து போய் எதையும் திருப்பிவிட வேண்டாம்.

தெற்குக்கு இரண்டு வழி வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, இரண்டு வெவ்வேறு கம்பெனிகளிடம் கேபிள் எடுத்து, அதை அமைத்தவள் அவள். அமைத்து முடித்த அன்று எல்லோர் முன்னாலும் முதல் கம்பெனியின் இணைப்பைக் கையால் பிடுங்கிக் காட்டினாள். ஒரு நிமிஷம் திரை சிவந்து, மறுபடி பச்சையானது. பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவளுடைய உத்தியோகத்தில் யாரும் கைதட்டியது அந்த ஒரு தடவைதான்.

இன்று அந்த ஒரு நிமிஷம் கழிந்தது. இன்னொன்றும் கழிந்தது. விசைப்பலகையில் தட்டிக் கேட்டபோது இரண்டு அயலார்களும் பேசவில்லை என்றது ரூட்டர். சென்னைக்கு வழி இல்லை. எந்த வழியும் இல்லை.

கீழ்த்தளத்திலிருந்து போன் வந்தது. துணை இயக்குநர் குரானா. “வத்சலாஜி, மந்திரி திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.” குரலை வெகுவாகத் தணித்துப் பேசினார். நான்கு தென் மாநில அதிகாரிகளுடன் குடிநீர்ப் பஞ்சம் பற்றி மந்திரி வீடியோவில் பேசுவதாக ஏற்பாடு. “திரையில் நீலம்தான் தெரிகிறது. பத்திரிகைக்காரர்கள் வேறு.”

“இரண்டு பாதையும் விழுந்துவிட்டது, சார்.”

“இரண்டுமா? அதற்குத்தானே இரண்டு?”

மந்திரி நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனதாகப் பிறகு சொன்னார்கள்.

கேபிள் கம்பெனியிலிருந்து தகவல் வந்தபோது மணி இரண்டரை. ஸேவா நகர் பக்கம், நாலா என்கிற சாக்கடைக் கால்வாயின் பாலத்துக்குக் கீழே அறுந்திருக்கிறது. தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டுகிற இடம். குரானா அவளையே போய்ப் பார்த்துவரச் சொன்னார். அலுவலக ஜீப்பில் ஏறும்போது முழங்கால் சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். குரானா சொன்னால் இப்போது எதையும் மறுக்கிற நிலையில் அவள் இல்லை. அவளுடைய சென்னை மாறுதல் விண்ணப்பம் அவர் கையில் இருந்தது. கணவர் சேஷன் இரண்டு வருஷம் முன்பே மாறுதலில் சென்னைக்குப் போய்விட்டார். ஜ்யோத்ஸ்னாவின் ப்ளஸ் டூ முடியட்டும் என்று இவள் மட்டும் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் பெண்ணோடு தங்கிவிட்டாள். பரீட்சை முடிந்தாயிற்று. இந்த மாதமே சிபாரிசு செய்து அனுப்பிவிடுகிறேன் என்று குரானா வாக்குக் கொடுத்திருந்தார். அடையாற்றில் சேஷன் வீடு பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டார்.

பள்ளம் ஆள் உயரம் இருந்தது. சாக்கடையும் ஈர மண்ணும் கலந்த வாடை. கேபிளை ஒட்டவைக்கும் ஆட்கள் விளிம்பில் சின்னக் கூடாரம் போட்டு, உள்ளே குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு மஞ்சள் ஜேசிபி, ஓட்டுநர் இல்லாமல், வாளியைத் தரையில் ஊன்றி நின்றது. வத்சலா விளிம்பில் குனிந்து உள்ளே பார்த்தாள். பிய்ந்துபோன கறுப்பு முனை ஒன்று மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு ஜாண்கூட இல்லை, ஆரஞ்சுக் கோடு போட்ட இன்னொரு முனை. எதிர்ப்புறச் சுவரிலும் அதே மாதிரி இரண்டு.

“இந்த ஆரஞ்சு யாருடையது?”

ஒட்டவைக்கிறவன் நிமிராமலே இரண்டாவது கம்பெனியின் பெயரைச் சொன்னான். அவர்களுக்குத் தனியாகத் தோண்ட அனுமதி கிடைக்கவில்லை. முதல் கம்பெனியின் குழாயிலேயே வாடகைக்கு இடம் வாங்கி இழுத்துவிட்டார்கள். ஊரெல்லாம் இப்படித்தான், மேடம்.

அவளுடைய ரூட்டர்கள் வருஷக்கணக்காக இரண்டு அயலார்களின் பேச்சைத் தனித்தனியாகக் கேட்டு, எடைபோட்டு, ஒருவன் போனால் இன்னொருவன் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தன. அவளும்தான். ஒரு தடவையாவது வெளியே வந்து மண்ணைப் பார்த்திருக்கலாம். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. முதுகுத்தண்டில் ஒரு களைப்பு மட்டும் இறங்கியது.

மொபைல் அடித்தது. ஜ்யோத்ஸ்னா.

“அம்மா, எப்போ வருவே? கேஸ்வாலா வந்து நிக்கறான்.”

“பக்கத்தாத்து ஆன்ட்டிகிட்ட சொல்லி எடுத்து வைக்கச் சொல்லு. நேக்கு நாழியாகும்.”

“ஜல்தி வாம்மா, ப்ளீஸ்.”

அதை அணைப்பதற்குள் குரானா கூப்பிட்டார். அவள் பார்த்ததைச் சொன்னாள். மறுமுனையில் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, “அதை இப்போதைக்கு விடுங்கள்,” என்றார். “போலீஸ் ஒருவனைப் பிடித்திருக்கிறது. கேபிளை வெட்டித் திருடியிருக்கிறான். திருட்டு என்றால் மேலே புரிந்துகொள்வார்கள். இரண்டும் ஒரே பள்ளம் என்றால் நம்மை உட்காரவைத்துக் கேட்பார்கள், வத்சலாஜி. இரண்டு பாதையும் தனித்தனி என்று நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.”

“சரி சார்” என்றாள்.

ஜீப்பை நோக்கித் திரும்பியபோது பின்னால் யாரோ ஓடிவந்தார்கள். முப்பது வயதிருக்கும். தலையில் சும்மாட்டுத் துணி அவிழாமல், புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தாள். முழங்கை வரை மண்.

“அம்மா, நீங்க தமிழுதான? போன்ல பேசினிங்களே, கேட்டுக்கினு இருந்தேன். எங்க வூட்டுக்காரர இட்டுக்கினு போயிட்டாங்கம்மா. மூக்கன்னு பேரு. ஒண்ணும் பண்ணலம்மா அவரு. மிசினு அறுத்துப் போட்டுச்சி. மிசினுக்காரன் ஓடிட்டான், இவர இழுத்துக்கினு போயிட்டாங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்கம்மா.”

“நான் என்ன சொல்றது? நான் போலீஸ் இல்லையேம்மா.”

“நீங்க ஆபீசரு. பாத்தாலே தெரியுது.” அவள் வத்சலாவின் கையைப் பிடிக்கவில்லை, காலில் விழவில்லை. வழியை மறித்து நின்றாள், அவ்வளவுதான். “செல்லம்மான்னு எம் பேரு. கள்ளக்குறிச்சிப் பக்கம். இங்க எங்களுக்கு யாரும் இல்லம்மா.”

வத்சலாவுக்கு வீட்டுக்குப் போக வேண்டும் போலிருந்தது. செருப்பைக் கழற்றிப்போட்டு, கூலருக்கு முன்னால் தரையில் படுக்க வேண்டும். போலீஸ் சௌக்கி பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் என்றாள் செல்லம்மாள். வத்சலா ஜீப் டிரைவரைப் பார்த்தாள். அவர் வாட்சைப் பார்த்தார். “வண்டியில ஏறு,” என்றாள் வத்சலா.

சௌக்கியில் ஒரே ஓர் அறை. தண்ணீர் வற்றிய கூலர் வெறும் சூட்டைக் கடகடவென்று தள்ளிக்கொண்டிருந்தது. மூலையில் சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தான் மூக்கன். ஒரு கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. செல்லம்மாளைப் பார்த்ததும் எழப் போனான், கான்ஸ்டபிள் கையைக் காட்டியதும் மறுபடி உட்கார்ந்தான். மேசைமேல் கை நீளத்துக்கு இரண்டு கேபிள் துண்டுகள். ஒன்று கறுப்பு, இன்னொன்று ஆரஞ்சுக் கோடு.

ஹெட் கான்ஸ்டபிள் நாற்காலி காட்டினார். எந்தத் துறை என்று கேட்டார். சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மேடம், இவன் பையிலிருந்து எடுத்தோம். உள்ளே செம்பு. காயலான் கடைக்காரன் கிலோ கணக்கில் வாங்குகிறான். தினம் இதே வேலை.”

“ஒரு பிளேடு இருக்கிறதா?” என்று கேட்டாள் வத்சலா.

பென்சில் சீவுகிற பிளேடைக் கொடுத்தார்கள். கறுப்புத் தோலை நீளவாக்கில் கீறிப் பிளந்தாள். உள்ளே பிசுபிசுப்பான மெழுகு, வண்ண வண்ணக் குழல்கள். நீலக் குழல் ஒன்றை நறுக்கி, அதிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய இழையை விரல் நுனியில் எடுத்து நீட்டினாள். “கண்ணாடி. செம்பு ஒரு குந்துமணி கிடையாது. எந்தக் கடைக்காரனும் இதைத் தொட மாட்டான். இந்த முனையைப் பாருங்கள். கத்தியோ ரம்பமோ பட்டால் நறுக்கென்று இருக்கும். இது இழுபட்டுப் பிய்ந்திருக்கிறது. யந்திரம் இழுத்ததுதான்.”

ஹெட் கான்ஸ்டபிள் இழையை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மீசைக்குள் என்னவோ முணுமுணுத்தார். பிறகு, “சரி, செம்பு இல்லை. அப்புறம் எதற்கு எடுத்துப் பையில் போட்டான்? இவனுக்கு இந்தி வரவில்லை, எது கேட்டாலும் விழிக்கிறான். நீங்களே கேளுங்கள்,” என்றார்.

அவள் மூக்கனைப் பார்த்துக் கேட்டாள். “இதை எதுக்குப்பா எடுத்தே?”

அவன் வீங்கிய வாயைத் திறந்து மெதுவாகச் சொன்னான். “செம்புக் கம்பி இருக்கும்னு நெனச்சிதாம்மா எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன். வித்தா புள்ளைக்கு எதுனா வாங்கலாம்னு. ஆனா நா அறுக்கலம்மா. மிசினு அறுத்து மண்ணோட வெளிய வீசிச்சி. கெடந்துது, எடுத்தேன்.”

அறையில் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். க்யா போல் ரஹா ஹை, என்ன சொல்கிறான், என்றார் ஹெட் கான்ஸ்டபிள். கூலர் கடகடத்தது. இருபது வருஷமாக இந்தியில் பேசுகிறாள், கனவுகூடச் சில நாள் இந்தியில் வருகிறது, ஆனாலும் இந்த நாலு வார்த்தைக்கு இந்தி தேட வேண்டியிருந்தது.

“யந்திரம் அறுத்து மண்ணோடு வெளியே போட்டதாம். குப்பை என்று எடுத்து ஓரமாக வைத்தானாம்.”

குப்பை என்பது அவளாகச் சேர்த்த வார்த்தை.

“இவ்வளவு நேரம் பேசினானே?”

“தமிழ் கொஞ்சம் நீளமான பாஷை.”

ஹெட் கான்ஸ்டபிள் சிரிக்கவில்லை. நாளைக்கு மேலே கேட்டால் இதைத் துறையின் பேச்சாகச் சொல்லலாமா என்று கேட்டார். சொல்லலாம் என்றாள் வத்சலா. தன் பெயரையும் பதவியையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, அடையாற்று வீட்டின் கதவு எங்கோ தொலைவில் சாத்திக்கொள்வது போலிருந்தது. பெரிய அதிகாரி ஐந்து மணிக்கு வருவார், வந்ததும் அனுப்பிவிடுகிறோம் என்றார் ஹெட் கான்ஸ்டபிள். அதுவரை அவன்மேல் கை வைக்க வேண்டாம் என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

வெளியே வேப்பமரத்து நிழலில் யாரோ வைத்திருந்த பானையிலிருந்து செல்லம்மாள் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். வத்சலா அண்ணாந்து குடித்தாள்.

“செம்புன்னு சொன்னாரே அவரு,” என்றாள் செல்லம்மாள். “அத நீங்க சொல்லல.”

வத்சலா தம்ளரை இறக்கினாள். “நோக்கு இந்தி புரியுமா?”

“நல்லா புரியும். பேசுவேன். அஞ்சாறு வருசம் டிபன்ஸ் காலனில பங்களா வேல பாத்தேன். இவரு ஊர்லேருந்து வந்தப்புறம்தான் மண்ணு வேலைக்கி வந்தேன்.”

“அப்போ நீயே எல்லாம் சொல்லியிருக்கலாமே? நான் எதுக்கு?”

செல்லம்மாள் அவளைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தாள். “சொன்னேம்மா. அவர இழுத்துக்கினு போனதுலேருந்து, மிசினுதான் அறுத்துச்சின்னு இந்திலதான் கத்துனேன். ஒரு வார்த்த அவங்க காதுல உழல. அதே வார்த்ததான, நீங்க சொன்னா உழுவுது.” அதில் குறை சொல்கிற தொனியே இல்லை. மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்பது போல்தான் சொன்னாள். தம்ளரை வாங்கி, கழுவி, பானைமேல் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலை இணைச் செயலர் கூட்டம் போட்டார். நீளமான மேசை, நடுவில் பிஸ்கட் தட்டு. குரானா திருட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். போலீஸ் விசாரிக்கிறது, ஆள் அகப்பட்டிருக்கிறான். இணைச் செயலர் ஒரு வங்காளப் பெண்மணி. கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுக் கேட்டார். “ஒரு கேபிளைத் திருடினான். சரி. இரண்டாவது வழி என்னவாயிற்று? தானாக மாறிக்கொள்ளும் என்று என்னைக் கைதட்ட வைத்தீர்களே.”

குரானா வத்சலாவைப் பார்த்தார். “வத்சலாஜி விளக்குவார்.”

அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை. கெஞ்சல் மாதிரிதான் இருந்தது. வருஷக் கடைசியில் ஓய்வு பெறப்போகிற மனுஷன். பெண்ணுக்கு நவம்பரில் கல்யாணம். ரூட்டரின் மென்பொருளில் கோளாறு, வழி மாறத் தாமதமாகிவிட்டது என்று அவள் சொன்னால் போதும். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்கும் அது சரியா தப்பா என்று தெரியப்போவதில்லை. சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் அப்படிச் சொன்னால் அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். அடுத்த கூட்டத்தில் அதை ஞாபகம் வைத்திருந்து மறுபடி சொல்ல வேண்டும். ரூட்டர் கம்பெனிக்காரன் வந்து இல்லை என்பான், அவனுக்கொரு பதில் வேண்டும். இதையெல்லாம் நினைக்கவே அவளுக்கு அலுப்பாக இருந்தது. துணிச்சல் ஒன்றும் இல்லை. ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு திரிய உடம்பில் தெம்பில்லை.

“ரூட்டர் செய்ய வேண்டியதைச் செய்தது, மேடம். முதல் வழி போனதும் இரண்டாவதைத் தேடியது. இரண்டாவதும் அதே பள்ளத்தில் கிடந்தது. யாரும் திருடவில்லை. யந்திரம் ஒரே இழுப்பில் இரண்டையும் அறுத்துவிட்டது.”

யாரோ பிஸ்கட்டை எடுக்கப்போன கையை இழுத்துக்கொண்டார்கள்.

“அது யாருக்குமே தெரியாதா?”

“காகிதத்தில் இரண்டு கம்பெனி, இரண்டு பாதை. யாரும் நடந்துபோய்ப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.”

கூட்டம் முடிந்து வராந்தாவில் குரானா அவளோடு சேர்ந்து நடந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டார். “உங்கள் விண்ணப்பத்தைப் போன வாரமே அனுப்பியிருக்க வேண்டும் நான்,” என்றார். “அனுப்பியிருந்தால் உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. இப்போது மேடமே சொல்லிவிட்டார். புதிய பாதை முடிகிறவரை வத்சலாவை விடக் கூடாது என்று.” லிஃப்ட் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். அவள் அடுத்ததற்கு நின்றாள்.

அன்று சாயங்காலம் சேஷனுக்குப் போன் செய்தாள். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“நோக்கு வாயை மூடிண்டு இருக்கத் தெரியாதா?”

“கேட்டா. சொன்னேன்.”

“எத்தனை நாளாகும்?”

“தெரியலை. அனுமதி வாங்கித் தோண்டி முடிக்க ஒரு வருஷம் ஆகலாம். மேலயும் ஆகலாம்.”

“ஜ்யோத்ஸ்னாவுக்கு இங்க காலேஜ்ல பணம் கட்டியாச்சு.”

“அவ வரட்டும். நான் இருக்கேன்.”

உடம்பைப் பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். உள்ளே ஜ்யோத்ஸ்னா டீவிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்து அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்தாள். “மைன் நஹீ(ன்) ஜாவூ(ங்)கி,” என்றாள், போக மாட்டேன் என்று. ஆனால் ஜூன் இரண்டாவது வாரம் கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸில் ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதபடி போனாள்.

ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது வத்சலா ஆட்டோவை ஸேவா நகர் வழியாக விடச் சொன்னாள். பள்ளம் மூடியிருந்தது. மேட்டில் ஓர் ஆள் கோணித் துண்டுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். இங்கே வேலை செய்த தமிழ் ஆட்களைப் பற்றி அவனிடம் விசாரித்தாள். மதராஸி ஆட்களா? அவர்களைக் கான்ட்ராக்டர் அனுப்பிவிட்டாரே. யந்திரம் அறுத்ததாகப் போலீசில் யாரோ மேடம் சொல்லிவிட்டார்களாம், அபராதம் அவர் தலையில் விழுந்தது, அந்தக் கோபத்தில் மொத்தக் கூட்டத்தையும் போகச் சொல்லிவிட்டார். எங்கே போனார்கள்? அவன் கையை விரித்தான். குர்காவ்(ன்) என்றார்கள். ஃபரீதாபாத்தாகவும் இருக்கலாம். மூக்கன் என்று ஒருவர், முகத்தில் அடிபட்டவர், அவர் கூடப் போனாரா? எல்லோரும் ஒரே லாரியில்தான் போனார்கள் மேடம், யார் பேரு யாருக்குத் தெரியும்.

புதிய பாதைக்கான வேலை ஜூன் கடைசியில் தொடங்கியது. இரண்டாவது கம்பெனி இந்தத் தடவை, ஏற்கெனவே அங்கங்கே பதித்த தன் கேபிள்களை இணைத்து, யமுனைக்கு அந்தப்புறமாகச் சுற்றிக்கொண்டு வருவதாக ஒரு வரைபடம் கொடுத்தது. வரைபடத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, நடந்து பார்க்க வேண்டும் என்றாள் வத்சலா. கம்பெனியின் சர்வேயர் பிஷ்ட், நரைத்த மீசைக்காரர், குடையோடு வந்தார். இதையெல்லாம் யாரும் நடந்து பார்ப்பதில்லை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பேசாமல் நடந்தார். அடையாளக் கல் இருக்கிற இடத்தில் எல்லாம் அவள் நின்றாள். மூடியைத் திறக்கச் சொன்னாள். குனிந்து பார்த்தாள். ஆரஞ்சு மட்டும்தானா, கூடக் கறுப்பு இருக்கிறதா? முழங்காலுக்கு ஒரு பட்டை கட்டியிருந்தாள். அதற்குள் வியர்வை ஊறி அரித்தது.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி இறங்கும்போது காற்று சட்டென்று நின்றுபோனது. மேற்கே வானம் பழுப்பாக எழும்பி வந்துகொண்டிருந்தது. ஆந்தி, ஆந்தி, புழுதிப்புயல் என்று யாரோ கத்தினார்கள். பிஷ்ட் குடையை மடக்குவதற்குள் புழுதி வந்து மோதியது. அவர் ஏதோ சொன்னது காதில் விழவில்லை. எந்தப் பக்கம் போனார் என்றும் தெரியவில்லை. கண்ணைத் திறக்க முடியவில்லை. வாயெல்லாம் மண். பட்டப்பகல் இருட்டிக்கொண்டு வந்தது. வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு அங்கங்கே நின்றுவிட்டன. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, கையை முன்னால் நீட்டி, நாலடி நடந்தாள். நின்றாள். எந்தப் பக்கம் சாலை, எந்தப் பக்கம் சரிவு?

“அந்தர் ஆவோ, பெஹன்ஜி! இதர், இதர்!” உள்ளே வாருங்கள், இந்தப் பக்கம் என்று ஒரு குரல் கூப்பிட்டது.

தரையோடு தரையாக ஒரு நீலத் தார்ப்பாய் படபடத்துக்கொண்டிருந்தது. அதன் ஒரு மூலையை ஒரு கை தூக்கிப் பிடித்திருந்தது. வத்சலா குனிந்தாள். முழங்கால் மடங்க மறுத்தது. பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கையை ஊன்றித் தவழ்ந்து உள்ளே போனாள். ஆற்றுப் படுகையில் விளைந்த முலாம்பழங்களைக் குவித்துவைத்து விற்கிற குடும்பம். பழக் குவியலைச் சுற்றி நாலைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நீல வெளிச்சத்தில் யார் முகமும் சரியாகத் தெரியவில்லை. பழுத்த வாசனையும் புழுதி வாசனையும் மூச்சை அடைத்தன. தலைக்கு மேல் தார்ப்பாய் உப்பி எழும்பி, அறைந்து இறங்கியது. பக்கத்திலிருந்த பெண் ஒன்றும் கேட்கவில்லை. காற்றில் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்த ஒரு மூலையை இழுத்து வத்சலாவின் கையில் கொடுத்தாள். வத்சலா அதை இரண்டு கையாலும் பற்றி, மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, பழங்களுக்கு நடுவே கால்களை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.